'ரெண்டே நாளில் ப்ளே தெரபிஸ்ட் ஆகலாம்!' - இந்த சர்டிஃபிகேட்டை நம்பலாமா?

இன்ஸ்டாகிராமில் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரே ஒரு ரீல் பார்த்துவிட்டால் போதும். அடுத்த ஒரு வாரத்துக்கு அதையேதான் நமக்கு ஊட்டிவிடும். அந்த வரிசையில் அடிக்கடி கண்ணில்படுபவை, ப்ளே தெரபி பயிற்சி விளம்பரங்கள். ஒரு மணல் தட்டு, நாலைந்து பொம்மைகள், பின்னணியில் மெல்லிசை, கீழே கொட்டை எழுத்தில், 'வீக் எண்ட் கோர்ஸ். முடித்ததும் சர்டிஃபைடு ப்ளே தெரபிஸ்ட். யார் வேண்டுமானாலும் சேரலாம்.'

இந்த விளம்பரத்தை இரண்டு விதமானவர்கள் சேவ் செய்து வைக்கிறார்கள். சைக்காலஜி படித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கிறவர்கள் ஒரு பக்கம். வீட்டில் ஒரு குழந்தை திடீரென்று பேச்சைக் குறைத்துவிட்டது, ராத்திரி அலறி எழுகிறது, ஸ்கூல் வேன் வந்தாலே வயிற்றுவலி என்கிறது... 'யாரிடம் காட்டுவது' என்று தேடுகிற அப்பா அம்மாக்கள் இன்னொரு பக்கம். முதல் வகையினருக்குப் பணமும் நேரமும் போகும். இரண்டாவது வகையில், குழந்தைக்கு உதவி கிடைத்திருக்க வேண்டிய மாதங்கள் வீணாகும். அதனால், ப்ளே தெரபி என்பது என்ன, அதை யார் செய்யலாம், அந்தச் சான்றிதழ்களுக்கு என்ன மதிப்பு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

விளையாடறதுக்கு எதுக்குங்க ட்ரெயினிங்?

நியாயமான கேள்விதான். ஐந்து வயதுக் குழந்தையிடம் போய் 'உன் மனசுல என்ன கஷ்டம், சொல்லு' என்றால் அது என்ன சொல்லும்? 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். அது பொய் சொல்லவில்லை. உள்ளே இருப்பதைச் சொல்லத் தேவையான வார்த்தைகள் அதனிடம் இன்னும் சேரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதே குழந்தை, பொம்மை வீட்டில் அப்பா பொம்மையை வாசலுக்கு வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்தும். டாக்டர் செட்டை எடுத்து, அதே கரடிக்கு இருபது முறை ஊசி போடும். பெரியவர்கள் பேசித் தீர்ப்பதைக் குழந்தைகள் விளையாடித் தீர்க்கப் பார்க்கிறார்கள். சுமார் 3 முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்குத்தான் ப்ளே தெரபி அதிகம் பயன்படுகிறது.

அந்த அறையில் தெரபிஸ்ட் செய்வது என்ன என்று பார்த்தால்தான் பயிற்சி ஏன் தேவை என்பது புரியும். ஓர் உதாரணம். தங்கச்சிப் பாப்பா பிறந்த பிறகு பிடிவாதம் அதிகமான ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஒரு குட்டிப் பொம்மையை எடுத்துக் குப்பைக்கூடையில் போடுகிறான். நாமாக இருந்தால் உடனே, 'ஐயோ, பாப்பா பாவம்ல... எடுத்து வைடா செல்லம்' என்போம். அந்த நொடியில் அவனுக்கு ஒரு செய்தி போய்விடும்: 'இங்கேயும் இதைக் காட்டக் கூடாது.' அதன்பிறகு அவன் சமர்த்தாக விளையாடுவான். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

பயிற்சி பெற்றவர், 'அதை அங்க போட்டுட்ட' என்று மட்டும் சொல்வார். 'பாப்பா' என்றுகூடச் சொல்ல மாட்டார். ஏனென்றால், அது பாப்பா என்று அவன் இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு அது ராக்கெட்டில் ஏறிய ஆளாக இருக்கலாம், கூடை ராக்கெட்டாக இருக்கலாம். பொம்மைக்குப் பெயர் வைக்கும் உரிமை குழந்தைக்கே. இது குழந்தையை மையமாக வைத்த ப்ளே தெரபி முறையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. கேட்க எளிது. ஆனால் அரை மணி நேரம் அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்காமல், 'சூப்பர்டா' என்று பாராட்டாமல் ஒரு குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் வாய் தன்னால் திறந்துவிடும்.

பாராட்டக்கூடக் கூடாதா என்றால், ஆமாம், கவனமாகத்தான் பாராட்ட வேண்டும். 'அழகா வரைஞ்சிருக்க' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், குழந்தை அடுத்த படத்தை நமக்காக வரைய ஆரம்பித்துவிடும். 'நிறைய சிவப்பு போட்டிருக்க, ரொம்ப நேரம் விடாம வரைஞ்ச' என்றால் அந்தப் படம் குழந்தையுடையதாகவே இருக்கும்.

எல்லையே கிடையாதா என்று பயப்பட வேண்டாம், உண்டு. பொம்மைக் காரை ஓங்கிக்கொண்டு குழந்தை தெரபிஸ்ட் மீது எறிய வந்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ப்ளே தெரபி மையத்தை நிறுவிய கேரி லாண்ட்ரெத் சொல்லிக்கொடுத்தது இது. முதலில் உணர்வை ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்து எல்லையைச் சொல்ல வேண்டும், பிறகு மாற்று வழி காட்ட வேண்டும். 'என் மேல எறியணும்போல கோவம் வருது உனக்கு. ஆனா, எறியறதுக்கு நான் இல்ல. வேணும்னா அந்தத் தலகாணி மேல எறியலாம்.' குரல் உயராமல், முகம் சுளிக்காமல், கார் கையைவிட்டுப் பறப்பதற்குள் இதைச் சொல்லி முடிக்க வேண்டும். புத்தகத்தில் படித்துவிட்டால் வந்துவிடுமா? நீச்சல் மாதிரிதான், தண்ணீரில் இறங்கித்தான் ஆக வேண்டும், பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க.

இன்னொரு பெரிய ஆபத்து, அவசரமாக அர்த்தம் கண்டுபிடிப்பது. 'கறுப்பு கலர் அதிகம் போட்டால் டிப்ரஷன்', 'கையில்லாத மனிதனை வரைந்தால் அப்யூஸ்' என்றெல்லாம் ரீல்களில் ஜோசியம் மாதிரி சொல்கிறார்கள். கறுப்பு க்ரயான் மட்டும்தான் கைக்குக் கிடைத்திருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு படத்தை வைத்து முடிவுக்கு வருகிறவரிடம் உங்கள் குழந்தையை அனுப்பாதீர்கள்.

வியன்னாவில் தொடங்கிய விளையாட்டு

இந்த முறைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் ஹெர்மின் ஹக்-ஹெல்முத், அன்னா ஃப்ராய்ட் ஆகியோரும், பெர்லினிலும் பிறகு லண்டனிலும் மெலனி க்ளைனும் குழந்தைகளின் மனச்சிக்கலைப் புரிந்துகொள்ள விளையாட்டைப் பயன்படுத்தினார்கள். இன்று எல்லா விளம்பரத்திலும் வருகிற மணல் தட்டு, லண்டனில் 1920-களின் கடைசியில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது. 1947-ல் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் எழுதிய 'ப்ளே தெரபி' புத்தகம்தான் 'குழந்தை முன்னே போகட்டும், நாம் பின்னால் போவோம், அவசரப்படுத்த வேண்டாம்' என்கிற வழியை எட்டுக் கொள்கைகளாக வகுத்துக்கொடுத்தது.

நம் மொழி பேசும் மண்ணிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், 1996-ல் மட்டக்களப்பில் 'பட்டாம்பூச்சித் தோட்டம்' தொடங்கப்பட்டது. போரால் பாதிக்கப்பட்ட குழந்தைகளை விளையாட்டு, ஓவியம், கதை வழியாகத் தேற்றும் முயற்சி அது. அதை மருத்துவமுறை ப்ளே தெரபி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குழந்தைகளின் காயத்துக்கு விளையாட்டு மருந்தாகும் என்பது நமக்குப் புதிய விஷயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பலன் தருகிறதா? 2005-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, அதுவரை நடந்த 93 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, நல்ல பலன் இருப்பதாகச் சொன்னது. பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு செய்தபோது பலன் இன்னும் கூடியிருந்தது. அந்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்ற விமர்சனமும் உண்டு. ஆட்டிசம், ஏ.டி.ஹெச்.டி, ஓ.சி.டி என எல்லாவற்றையும் ப்ளே தெரபி மட்டுமே சரிசெய்துவிடும் என்று யாராவது சொன்னால், அது வியாபாரம்.

லைசென்ஸ் வேற, சர்டிஃபிகேட் வேற

இந்தக் கட்டுரையின் மையமே இதுதான், கொஞ்சம் மெதுவாகப் படிக்கவும்.

அமெரிக்காவில் 'அசோசியேஷன் ஃபார் ப்ளே தெரபி' என்ற அமைப்பு 1982-ல் தொடங்கப்பட்டது. 'ரெஜிஸ்டர்டு ப்ளே தெரபிஸ்ட்' என்ற தகுதியைத் தருவது இதுதான். அதற்கு விண்ணப்பிக்கவே, மனநலத் துறையில் முதுநிலைப் பட்டமும், நோயாளிகளைப் பார்க்க அந்த மாநில அரசு தந்த லைசென்ஸும் வேண்டும். அதற்கு மேல்தான் ப்ளே தெரபி பயிற்சி: 150 மணி நேரப் பாடம், குழந்தைகளோடு நேரடியாக 350 மணி நேரம் தெரபி, 35 மணி நேரம் சூப்பர்விஷன். ஆக, ப்ளே தெரபி அங்கே ஒரு மாடி. கீழ்த்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது.

சூப்பர்விஷன் என்றால் மேனேஜர் வேலை வாங்குவது மாதிரி இல்லை. அனுபவமுள்ள ஒரு தெரபிஸ்ட், நீங்கள் நடத்திய செஷனை நேரிலோ வீடியோவிலோ பார்ப்பார். 'குழந்தை அந்தப் பொம்மையைப் புதைச்சப்போ நீ ஏன் சட்டுனு பேச்சை மாத்தின?' என்று கேட்பார். அப்போதுதான் உங்கள் சொந்த பயம் ஒன்று அந்த அறைக்குள் புகுந்தது உங்களுக்கே தெரியவரும். வீக் எண்ட் கோர்ஸ்களில் மொத்தமாக விடுபடுவது இந்தப் பகுதிதான். ஏனென்றால் இதை பி.டி.எஃப் ஆக்கி விற்க முடியாது.

பிரிட்டனில் கதை வேறு மாதிரி. அங்கே 'ப்ளே தெரபிஸ்ட்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதாவது, யாரும் அப்படிப் போர்டு மாட்டிக்கொள்ள முடியும். அந்த ஓட்டையை அடைக்கத் தொழில்முறை அமைப்புகளே பதிவேடு வைத்திருக்கின்றன. 'ப்ளே தெரபி யு.கே' அமைப்பின் பதிவேட்டுக்கு, இதற்கென உள்ள சட்டபூர்வ ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கிறது. அந்த அமைப்பு படிகளையும் பிரித்து வைத்திருக்கிறது. முதல் நிலைச் சான்றிதழ் முடித்தவர், விளையாட்டு வழித் திறன்களைப் பயன்படுத்துபவர் மட்டுமே. அதற்கு மேல் டிப்ளமா முடித்தால்தான் ப்ளே தெரபிஸ்ட். நம் ஊர் விளம்பரங்களில் முதல் படிக்கே கடைசிப் படியின் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள்.

சரி, இந்தியாவில்?

'ப்ளே தெரபிஸ்ட்' என்று தனியாக அரசு தரும் லைசென்ஸ் இங்கே கிடையாது. அதனால் 'கவர்ன்மென்ட் அப்ரூவ்டு ப்ளே தெரபிஸ்ட்' என்று யாராவது போட்டிருந்தால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இருப்பது என்ன? கிளினிகல் சைக்காலஜிஸ்ட், மறுவாழ்வு உளவியலாளர் ஆகியோரை ஒழுங்குபடுத்துவது ஆர்.சி.ஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். 1992-ம் ஆண்டின் சட்டப்படி அமைந்தது. இதில் பதிவுசெய்தவர்களுக்கு சி.ஆர்.ஆர் எண் ஒன்று இருக்கும். அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவின்படி, பதிவு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆமாம், ஆயிரம்தான். இன்றைக்கு நகரங்களில் பல சென்டர்களில் ஒரு செஷன் ஃபீஸே அதற்கு மேல்.) சைக்கியாட்ரிஸ்ட் என்றால் அவர் எம்.பி.பி.எஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த டாக்டர். மெடிக்கல் கவுன்சிலில் பதிவு இருக்கும்.

பிரச்னை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பரந்த இடத்தில்தான். எம்.எஸ்ஸி சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ, கவுன்சலிங் டிப்ளமா முடித்த ஏராளமானோர் கவுன்சலர்களாக வேலை செய்கிறார்கள். நல்லவர்களும் திறமைசாலிகளும் அதில் நிறையவே உண்டு. ஆர்.சி.ஐ-க்குள் வராத சைக்காலஜிஸ்ட்களையும் கவுன்சலர்களையும் ஒரு பதிவேட்டுக்குள் கொண்டுவர 2021-ல் தேசிய அளவில் தனிச் சட்டம் வந்தது. அந்தப் பதிவேடு எல்லா மாநிலத்திலும் நிலைபெறும் வரை, சரிபார்க்க வேண்டிய வேலை பெற்றோர் தலையில்தான்.

வெளிநாட்டு அமைப்புகளின் பாடத்திட்டத்தோடு இணைந்து இங்கே நடக்கும் நீண்டகாலப் பயிற்சிகளும் உண்டு. அவை மதிப்புள்ளவைதான். ஆனால் அந்தச் சான்றிதழ், 'இவர் இந்தப் பயிற்சியை முடித்தார்' என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு குழந்தையின் பிரச்னை என்ன நோய் என்று கண்டறியும் உரிமையை அது தருவதில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: 'உங்க அடிப்படைப் படிப்பு என்ன?', 'அதுக்கு மேல ப்ளே தெரபி எங்கே, எத்தனை மணி நேரம் படிச்சீங்க?' பெரிய டிகிரி வைத்திருந்தும் ப்ளே தெரபி தெரியாதவர் இருப்பார். மணல் தட்டோடு எல்லா வகைப் பொம்மையும் வைத்திருந்தும் அடிப்படைப் படிப்பு இல்லாதவரும் இருப்பார். ரெண்டும் சேர்ந்த ஆள்தான் நமக்கு வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இங்கே அதிகம். ஆட்டிசம், பேச்சு தாமதம் போன்றவற்றுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களின் போர்டில் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி வரிசையில் 'ப்ளே தெரபி'யும் இருக்கும். அங்கே பெரும்பாலும் நடப்பது, விளையாட்டு மூலம் திறன்களைக் கற்றுக்கொடுப்பது. பந்தை உருட்டச் சொல்லி, முறை மாற்றி ஆடப் பழக்குவார்கள். அது தேவையான வேலை. ஆனால் அப்பா இறந்த துக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அது பயன்படாது. உங்கள் குழந்தைக்கு எது தேவை என்று முதலில் ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்வது நல்லது.

படிக்க நினைக்கிறவர்களுக்கு

இரண்டு நாள் ஒர்க் ஷாப் போவதில் தவறே இல்லை. டீச்சர்கள், நர்ஸ்கள், அப்பா அம்மாக்கள் என யார் போனாலும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். போய்விட்டு வந்து பயோவில் 'தெரபிஸ்ட்' என்று போடுவதில்தான் சிக்கல்.

கோர்ஸில் சேரும் முன் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 'உங்கள் தகுதி என்ன?' என்று அவர்கள் உங்களைக் கேட்கிறார்களா? ப்ளஸ் டூ முடித்த யாரும் சேரலாம் என்றால், முடிவில் கிடைக்கும் பேப்பரின் மதிப்பும் அந்த அளவுதான். நேரடி வகுப்பு எவ்வளவு, ஆன்லைன் எவ்வளவு, குழந்தைகளோடு வேலைசெய்ய வைக்கிறார்களா, செஷனை யார் பார்த்துத் திருத்துவார்கள் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு சவால், தமிழ். பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதில் வருகிற 'ஃப்ரஸ்ட்ரேட்டட்' என்ற சொல்லுக்கு 'நீ விரக்தியாக உணர்கிறாய்' என்று நான்கு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 'நெனச்ச மாதிரி வரலன்னு எரிச்சலா இருக்கு உனக்கு' என்றால் டக்கென்று தலையாட்டும். பொம்மைகளும் அப்படித்தான். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள் என்ற வெளிநாட்டு பொம்மைக் குடும்பத்தில், குழந்தையை வளர்க்கிற பாட்டிக்கு இடம் எங்கே? சொப்புச் சாமான், ஆட்டோ, ஸ்கூல் வேன் எல்லாம் அலமாரியில் இருக்க வேண்டும். குழந்தை தெரபிஸ்ட்டை 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தால், அது அந்த அறையை கிளாஸ் ரூமாக நினைக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் பொறுத்துத்தான் அதை மாற்ற வேண்டும். இதெல்லாம் எந்த வெளிநாட்டு சிலபஸிலும் வராது. இங்கே வேலை செய்தவர் பக்கத்திலிருந்து சொல்லித்தர வேண்டும்.

சட்டமும் படிக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானதைக் குழந்தை வெளிப்படுத்தினால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 'ரகசியம் காப்பேன்' என்ற வாக்குறுதிக்கு அங்கே எல்லை உண்டு. அதே நேரத்தில், 'அந்த மாமா உன்னை இங்க தொட்டாரா?' என்று குழந்தையின் வாயில் பதிலைத் திணிக்கும் கேள்விகளைக் கேட்கக் கூடாது. விசாரணை தெரபிஸ்ட்டின் வேலை கிடையாது. தெரியாமல் கேட்ட ஒரே கேள்வி, பின்னாளில் நீதிமன்றத்தில் குழந்தையின் சாட்சியத்தையே பலவீனமாக்கலாம். இரண்டு நாள் கோர்ஸில் இதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

குழந்தையை அழைத்துப் போகும் முன்...

சி.ஆர்.ஆர் எண் கேளுங்கள். ஆர்.சி.ஐ இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண் இல்லாத கவுன்சலர் என்றால், 'குழந்தைக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டா யாருக்கு அனுப்புவீங்க? உங்களுக்கு யார் சூப்பர்விஷன்?' என்று கேளுங்கள். நல்லவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள், சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

பெரும்பாலும் முதல் சந்திப்பு உங்களோடு மட்டும்தான் இருக்கும். குழந்தையின் கதையை முழுசாகக் கேட்பார்கள். பிறகு வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம் அல்லது கொஞ்சம் முன்பின். இடையிடையே உங்களையும் கூப்பிட்டுப் பேசவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். 'மூணு செஷன்ல சரியாகிடும்' என்ற உத்தரவாதத்தை நம்ப வேண்டாம்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1098.

முதல் நாள் கிளம்பும்போது 'டாக்டர்கிட்ட போறோம், சமர்த்தா இருக்கணும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'அங்க ஒரு ரூம் இருக்கு, நிறைய பொம்மை இருக்கு, நீ உன் இஷ்டத்துக்கு விளையாடலாம், நான் வெளியிலதான் இருப்பேன்' என்பது போதும். வெளியே வந்ததும் 'உள்ள என்ன பண்ண, என்ன பேசின?' என்று துருவ வேண்டாம். 'பசிக்குதா?' என்று கேளுங்கள். புது டிரஸ் போட்டு அனுப்பாதீர்கள், பெயின்ட்டும் மணலும் ஒட்டிக்கொண்டுதான் வரும்.